கம்ப்யூட்டர் வாசலில் ஒரு காவல்காரன்!
ஆப் செய்யும் முன் 48 இலக்க எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோடு பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பேர் போன இடம். விலை மலிவாக இருக்கிறதே என்று அங்கு வாங்கி, "லினக்ஸ்" போட நினைப்பவர்களை வாசலிலேயே மடக்குகிறான் ஒரு காவல்காரன். அவன் பெயர் "செக்யூர் பூட்".

2012-ம் ஆண்டு வந்த "விண்டோஸ் 8" முதல் இந்தக் காவல் பரவியது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது இதுதான். பிளாட்பார வாசலில் டிக்கெட் பரிசோதிப்பது போல, உள்ளே வரும் புரோகிராமின் "டிஜிட்டல் கையெழுத்தை" இது பரிசோதிக்கும். கையெழுத்து சரியில்லை என்றால் உள்ளே விடாது. திருட்டு புரோகிராம்கள் முன்கூட்டியே நுழைந்து விடாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆப் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் கிளம்பும்போது "எப்2" அல்லது "டெலிட்" பட்டனைத் தட்ட வேண்டும். (கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும்.) "பூட்" அல்லது "செக்யூரிட்டி" பகுதியில் "செக்யூர் பூட்" இருக்கும். "டிசேபிள்" என்றால் ஆப். "எனேபிள்" என்றால் ஆன். மாற்றியதை "சேவ்" செய்து வெளியே வரவேண்டும்.

"உபுண்டு", "பெடோரா" ஆகிய லினக்ஸ் வகைகளுக்குக் கையெழுத்து உண்டு. அவற்றுக்காகப் பொதுவாகக் காவலை ஆப் செய்யத் தேவை இல்லை.

எச்சரிக்கை

விண்டோசில் "பிட்லாக்கர்" பூட்டு இருந்தால், காவலை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் பிள்ளைகளின் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் பூட்டியபடியே போய்விடும்! பலருக்கு அந்த எண் அவர்களது மைக்ரோசாப்ட் கணக்கிலேயே இருக்கும். கடைக்காரரிடம் கொடுக்கும் முன்பே அதைத் தாளில் எழுதி வைப்பது நல்லது.

வேலை முடிந்ததும் காவல்காரனை மறுபடி வாசலில் நிறுத்த மறக்கக் கூடாது.