புதிய டிராக்டரில் குறையும் உறுப்புகளுக்குப் பொறுப்பாளி யார்?

புதுச்சேரியை அடுத்த பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பகுதிகளில் உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் யந்திரம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. யந்திரம் வாசலில் வந்து இறங்கும் நாளில் மாலை சாற்றிச் சூடம் கொளுத்துவதில் குடியானவர்களுக்கு இருக்கும் சிரத்தை, கூட வரவேண்டிய சாமான்களை எண்ணிப் பார்ப்பதில் இருப்பதில்லை. நாலாம் நாள் கலப்பையைப் பூட்டப் போகையில்தான் டாப் லிங்க் என்னும் மேல்தண்டும், அதன் ஊசிகளும், கருவிப் பெட்டியும் வரவில்லை என்பது தெரிகிறது. விசாரித்தால், தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை என்பார் விற்றவர். லாரியில் தவறியிருக்கும் என்பார் அவர் குமாஸ்தா. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டீரே என்பார் பாங்கியார்.

இவ்விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கு வழங்கிய சிவில் சட்டத்தின் 1615-ம் விதி, விற்ற பொருளை ஒப்படைப்பதென்றால் அதன் துணைப் பொருள்களையும் சேர்த்து ஒப்படைப்பதே என்று கூறியது. 1968-ம் வருஷத்துச் சட்ட விஸ்தரிப்பின் மூலம் 1930-ம் வருஷத்து இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் புதுச்சேரிக்கும் வந்தது. அதன் 15-வது பிரிவின்படி, விவரித்து விற்ற சரக்கு அவ்விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஆகையால் விலைப்பட்டியலில் கண்ட உறுப்பு குறைந்தால் பொறுப்பாளி விற்றவரே. தொழிற்சாலை அனுப்பவில்லை என்பது அவருக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள வழக்கு. பணம் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. கிராமத்தில் கொண்டுவந்து சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் வழியில் தொலைந்ததும் அவரையே சாரும். வாங்கியவர் தாமே லாரி அமர்த்தி ஏற்றி வந்திருந்தால் மட்டும், ஏற்றும்போது எல்லாம் இருந்தனவா என்ற கேள்வி எழும்.

பட்டியலில் எழுதாத சாமான்களின் சங்கதி வேறு. மேற்கூரை, முன்தாங்கி, கொக்கி முதலியவற்றைச் சிலர் விலையில் சேர்த்தும், சிலர் தனிக் கிரயத்துக்கும் கொடுக்கிறார்கள். வாய்ப்பேச்சில் இனாமாகச் சொன்னதைப் பிற்பாடு ருசுப்படுத்துவது வெகு கஷ்டம். முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குவதே வழி.

கையெழுத்து இட்டதனாலேயே உரிமை போய்விடுவதில்லை. சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் பெற 41-வது பிரிவில் இடமுண்டு. ஆனால் நியாயமான காலம் கடந்தும் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால், 42-வது பிரிவின்படி ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அப்போது யந்திரத்தைத் திருப்ப முடியாது. நஷ்டஈடோ விலைக்குறைப்போ மட்டும் கேட்கலாம். எனவே ஒப்படைப்புச் சீட்டிலேயே "இன்னின்ன சாமான்கள் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுவதும், அதைப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் நலம். சீட்டில் எழுத விடாவிட்டால், அன்றே விரைவுத் தபாலில் விற்றவருக்குக் கடிதம் அனுப்பிப் பாங்கிக்கும் நகல் கொடுக்கலாம். கோபத்தில் கடன் தவணையை நிறுத்துவது பெரும் பிசகு. கடன் ஒப்பந்தம் வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு. வட்டி ஏறி அபராதம் விழுவதே மிச்சமாகும்.

கடிதத்துக்குப் பலன் இல்லையெனில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லக்ஷ ரூபாய் வரை கட்டணமில்லை. அதற்குமேல் 10 லக்ஷம் வரை 200 ரூபாய். விற்றவர் வியாபார உபயோகம் என்று ஆக்ஷேபிக்கக்கூடும். 1995-ல் லக்ஷ்மி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் ஜீவனத்துக்காகத் தானே ஓட்ட லாரி வாங்கியவன் நுகர்வோனே என்றும், பிறரை வைத்து ஓட்ட வாங்கியவன் அப்படியல்ல என்றும் பிரித்துக் காட்டியது. சொந்த நிலத்தை உழ வாங்கியவருக்கு இது அனுகூலம். முழுதும் வாடகைக்கு ஆள் வைத்து ஓட்டுபவருக்குச் சிரமம். ஆகவே மனுதாரரின் சொந்தச் சாகுபடியைக் காட்டும் நிலப் பதிவேட்டு நகல்களைக் கிராம உத்தியோகஸ்தர்கள் தாமதமின்றிக் கொடுத்துதவுவது அவசியம். மனுவுடன் அவற்றையும், விலைப்பட்டியல், ஒப்படைப்புச் சீட்டு, தபால் ரசீது ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.