விலை ஏற்ற இறக்கத்தில் விதி உண்டா?

காங்கேயம் வட்டார உலர்களங்களில் காயும் கொப்பரையை இன்றே விற்பதா, இருப்பு வைப்பதா என்ற முடிவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே அடங்கியிருக்கிறது. "மூன்று நாள் இறங்கினால் நான்காம் நாள் ஏறும்" என்பன போன்ற கணிப்புகளை நம்பியே பலர் முடிவெடுக்கின்றனர். அவற்றுக்கு அடிப்படை உண்டா என்பதைப் புள்ளியியலால் சோதிக்க முடியும்.

முன்னர் வந்த எண்ணுக்கும் பின்னர் வரும் எண்ணுக்கும் ஒட்டுறவே இல்லாத தொடரை 'வெண் இரைச்சல்' என்பர். எல்லா நிறங்களும் கலந்த வெண்ணொளிபோல எல்லா அதிர்வெண்களும் சம அளவில் இருப்பதால் இப்பெயர்.

சோதிக்க வேண்டியது விலையை அன்று. அன்றாட விலை மாற்றத்தை. இன்றைய விலை நேற்றைய விலையை ஒட்டியே இருக்கும் என்பதால், விலையை அப்படியே எடுத்தால் இல்லாத விதியும் இருப்பதாகத் தோன்றும். மாற்றங்களின் தொடரை ஒரு நாள், இரு நாள் எனத் தள்ளிவைத்து அதனுடனேயே ஒப்பிட வேண்டும். 400 நாள் விவரம் இருந்து, அது வெண் இரைச்சலாகவும் இருந்தால், ஒட்டுறவு எண்களில் 95 விழுக்காடு ஏறத்தாழ 0.1-க்கும் -0.1-க்கும் இடையில் அமையும்.

இங்கே ஒரு பொறி உள்ளது. இருபது இடைவெளிகளைச் சோதித்தால், தற்செயலாகவே ஒன்று எல்லை மீறக்கூடும். பல ஒட்டுறவுகளைத் தேடி, அவற்றுள் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்வதன் ஆபத்தை, இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் 1914-இலேயே எச்சரித்தார். பருவமழையை முன்கணிக்க முயன்றவர் அவர். பாக்ஸ், பியர்ஸ் (1970), லியுங், பாக்ஸ் (1978) ஆகியோர் வகுத்த சோதனைகள் எல்லா ஒட்டுறவுகளின் வர்க்கங்களையும் கூட்டி ஒரே தீர்ப்பு வழங்குகின்றன.

விதி புலப்படவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகாது. பெரிய ஏற்ற இறக்கங்கள் அடுத்தடுத்து வருவதை இச்சோதனை காட்டாது. அத்தகைய சந்தையில் ஊகத்தை நம்பி மொத்தமாக இருப்பு வைப்பதைவிடப் பகுதி பகுதியாக விற்பது பாதுகாப்பானது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விலை முன்னறிவிப்புகளை வெளியிட்டு வருகிறது. எவர் முன்னறிவித்தாலும், கடந்த காலக் கணிப்புக்கும் உண்மை விலைக்கும் இருந்த வேறுபாடுகளையும் உடன் வெளியிட வேண்டும். அந்தப் பிழைகள் வெண் இரைச்சலாக இருந்தால், பழைய விலைகளிலிருந்து இம்முறையில் அறியத்தக்கது பெரும்பாலும் பயன்பட்டுவிட்டது எனலாம். பிழைகளிலேயே ஒழுங்கு தென்பட்டால், முன்னறிவிப்பைத் திருத்த இடமிருக்கிறது. இதைக் கேட்டறியும் உரிமை, கொப்பரையைக் களத்தில் வைத்துக் காத்திருப்பவருக்கு உண்டு.