நாய்க்குத் தீனி தரும் நொடி

நாய்க்கு முதலில் கற்றுத்தர ஏற்றது உட்காருவது. அதற்குச் சங்கிலியைச் சுண்டி இழுக்கவோ முதுகை அழுத்தவோ வேண்டியதில்லை. வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை விரல் நுனியில் பிடித்து மூக்கருகே காட்டி, அப்படியே தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெல்ல நகர்த்தினால், நாய் மூக்கை உயர்த்தும்; பின்பகுதி தானாகத் தரையில் படியும். படிந்த நொடியிலேயே துண்டு வாய்க்குப் போய்விட வேண்டும். கையை உயரத் தூக்கினால் நாய் தாவத்தான் செய்யும்.

எல்லாமே அந்த நொடியில்தான் இருக்கிறது. பூட்டிய பெட்டிகளிலிருந்து பூனைகள் எப்படித் தப்பி வெளியே இருக்கும் உணவை அடைகின்றன என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ஆராய்ந்து 1898இல் எழுதினார். நல்ல விளைவைத் தந்த செயலை விலங்கு மறுபடி செய்கிறது என்பது அவர் கண்ட விதி. ஆனால் தீனி எந்தச் செயலுக்குக் கிடைத்தது என்பதை நாய் நேரத்தை வைத்தே புரிந்துகொள்கிறது. உட்கார்ந்த நாய் எழுந்து வாலாட்டி வந்தபின் தீனி கொடுத்தால், எழுந்து வந்ததற்கே அது கூலியாகிவிடும்.

செயலுக்கும் தீனிக்கும் இடையே விழும் இடைவெளியை அடைக்க ஓர் ஒலி உதவும். துள்ளிக் குதிக்கும் டால்ஃபினுக்கு நடுவானில் மீனை ஊட்ட முடியாது. பயிற்சியாளர்கள் சரியான கணத்தில் விசிலடித்துவிட்டு மீனைப் பிறகு தந்தார்கள். டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் பின்னாளில் இந்த முறையை நாய் வளர்ப்போரிடையே பரப்பினார். 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி இதற்கென்றே கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் 'குட்' என்ற ஒரே சொல் போதும். ஒலி கேட்டால் தீனி வரும் என்பது மட்டும் ஒருமுறைகூடப் பொய்க்கக் கூடாது.

கட்டளைச் சொல் கடைசியில்தான் வர வேண்டும். கையசைவுக்கு நாய் தவறாமல் உட்காரத் தொடங்கியபின், அசைவுக்குச் சற்று முன்னால் 'சிட்' என்றோ 'உட்கார்' என்றோ ஒரே ஒருமுறை சொல்லலாம். எந்த மொழியானாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். 'சிட், சிட், சிட்' என்று அடுக்கினால் முதல் இரண்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நாய் கற்றுக்கொள்ளும்.

தீனியைக் கண்டால்தான் சொன்னபடி கேட்கிறது என்ற குறை பல வீடுகளில் உண்டு. தீனி கையை விட்டுப் போகாததே அதற்குக் காரணம். சில தடவை சரியாகச் செய்ததுமே வெறுங்கையால் அதே அசைவைக் காட்டி, தீனியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பாடம் நன்றாகப் பதிந்தபின் ஒவ்வொரு முறையும் ஒலி எழுப்பித் தீனி கொடுக்காமல், எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடைவிட்டுக் கொடுத்தால் பழக்கம் இன்னும் உறுதிப்படும்.

உயிரைக் காக்கும் கட்டளை 'வா'. சாலைப் பக்கம் ஓடும் நாயைத் திருப்ப வேறு வழியில்லை. ஆகவே கூப்பிட்டு வந்த நாயை, எவ்வளவு தாமதித்து வந்தாலும், திட்டவே கூடாது. குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ கூப்பிடுவதும் இந்தச் சொல்லைக் கெடுத்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை ஓடும் இரையைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். அவற்றுக்கு இந்தக் கட்டளையைச் சுற்றுச்சுவருக்குள், நீளக் கயிற்றில், மிகப் பிடித்த தீனியோடு பொறுமையாகப் பழக்க வேண்டும்.

இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லும் 'ஸ்டே'யைப் பழக்கும்போது நேரத்தையும் தூரத்தையும் ஒரே சமயத்தில் கூட்டக் கூடாது. முதலில் ஓரிரு நொடி அசையாமல் இருந்தாலே போதும். நாயைக் கூப்பிட்டுக் கொடுக்காமல், அது இருக்கும் இடத்துக்கே திரும்பிப் போய்த் தீனியைத் தர வேண்டும்.

பயிற்சி சில நிமிடங்களைத் தாண்ட வேண்டாம். சாப்பாட்டுக்கு முந்தைய பசி நேரம் ஏற்றது. துண்டு பட்டாணி அளவே போதும். தீனியிலிருந்து கிடைக்கும் கலோரி, அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். உப்பும் மசாலாவும் சேர்க்காத கோழி, முட்டை, கேரட் நல்லவை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாயிலும் சிலவகை வேர்க்கடலை வெண்ணெயிலும் சேர்க்கப்படும் சைலிட்டால் சிறிதளவே உள்ளே போனாலும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். அதைத் தின்ற நாயை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.