இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் எந்த வீட்டை வாங்குவது?

பலசரக்குக் கடை வைத்திருப்பவர் சொந்த வீடு பார்க்கக் கிளம்பினால், ஏழெட்டு வீடு ஏறி இறங்கிய பிறகு கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சும். இரண்டும் இரண்டே முக்கால் சென்ட் மனை. இரண்டிலும் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், போர் தண்ணீர். ஒன்று ரூ. 42 லட்சம், மற்றொன்று ரூ. 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டம்மா ஒன்றைச் சொல்வார், மைத்துனர் மற்றொன்றைச் சொல்வார், தரகர் இரண்டையுமே சொல்வார். ஒரு மாதம் இப்படியே ஓடும். முடிவில் "3 லட்சம் மிச்சம்தானே" என்று விலை குறைந்த வீட்டுக்கு அட்வான்ஸ் போய்விடும்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். நமக்குப் பொருந்தாது. நம் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் சுவர் இல்லை. வீட்டுக்குப் போகிற பணம் கல்லாவிலிருந்து போகிறது. வீட்டுக்குப் போய்வருகிற நேரம் கடை நேரத்திலிருந்து போகிறது. ஆகவே வியாபாரி ஒப்பிட வேண்டியது இரண்டு வீடுகளின் விலையை மட்டும் அல்ல. எந்த வீடு கடையிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதையும்தான்.

கைப்பணக் கணக்கு

ரூ. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை முதலானவை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதன்மீது இதைக் கட்ட வேண்டும்.

42 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கடன் ரூ. 33.60 லட்சம் போக, கையிலிருந்து ரூ. 12.18 லட்சம் வேண்டும். 45 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கடன் ரூ. 36 லட்சம், கைப்பணம் ரூ. 13.05 லட்சம். வட்டி 9 சதவீதம், 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 900. ஆக "3 லட்சம் வித்தியாசம்" என்பது, கைப்பணத்தில் ரூ. 87,000, மாதத் தவணையில் ரூ. 2,160. அந்த 87,000க்கும் 9 சதவீத வட்டி போட்டால் மாதம் சுமார் ரூ. 650. மொத்தம் ரூ. 2,810.

இந்த 12, 13 லட்சம் எங்கிருந்து வரப்போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. சீட்டு, சேமிப்பு, நகை என்று வந்தால் சரி. ஓடுகிற சரக்குப் பணத்தில் கை வைத்தால் நிலைமை வேறு. மாதம் 4 லட்சத்துக்குக் கொள்முதல் செய்பவர் ரொக்கம் கொடுத்து வாங்குவதை நிறுத்திக் கடனுக்கு வாங்க ஆரம்பித்தால், மண்டியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் விலை கூடினாலே மாதம் ரூ. 4,000 போகிறது. இரண்டு வீடுகளுக்கும் உள்ள தவணை வித்தியாசத்தைவிட இது அதிகம். எந்த வீடானாலும் சரக்குப் பணத்தைத் தொடாமல் வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் வாடகை வீட்டில் இருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

தூரத்துக்கும் விலை உண்டு

மதுரை கீழமாசி வீதியில் கடை. ஒரு வீடு வில்லாபுரம் பக்கம், சுமார் 4 கிலோமீட்டர். இதுதான் 45 லட்சம். மற்றது வைகைக்கு வடக்கே ஊமச்சிகுளம் பக்கம், சுமார் 10 கிலோமீட்டர், 42 லட்சம். காலையில் கடை திறக்கப் போய், மதியம் சாப்பிட வந்து, திரும்பப் போய், இரவு கடை எடுத்து வைத்து வருகிறவருக்கு ஒரு நாளில் நான்கு நடை. ஒரு நடைக்கு 6 கிலோமீட்டர் கூடினால் நாளுக்கு 24. மாதம் 26 நாளுக்கு 624 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால் ரூ. 1,250 ஆகிறது. முன் சொன்ன ரூ. 2,810இல் இதைக் கழித்தால் மீதி ரூ. 1,560.

நடைக்குக் கால் மணி நேரம் கூடினால் நாளுக்கு ஒரு மணி நேரம், மாதம் 26 மணி நேரம். அதாவது விலை குறைந்த வீட்டை வாங்கியவர் தன் நேரத்தை மணிக்கு 60 ரூபாய்க்கு விற்கிறார். அதுவும் வைகைப் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டு!

அதற்காகக் கிட்டத்தில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. மதியச் சாப்பாடு தூக்குவாளியில் கடைக்கு வந்துவிடுகிறது, மாலையில் மகன் கல்லாவில் உட்காருகிறான் என்றால் நடை இரண்டாகக் குறையும். அப்போது 42 லட்ச ரூபாய் வீடே லாபம். மாறாக, வீட்டம்மாதான் மதியம் கடையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருடைய நடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பொதுவாகவே வீட்டை ஆளப்போகிறவர் அவர்தான். நாம் இரவில் வந்து தங்கிப்போகிற விருந்தாளி. தண்ணீர், வெளிச்சம், அக்கம்பக்கம் மூன்றிலும் அவர் சொல்வதைக் கேட்டுவிடுவது நல்லது.

சரக்கு வைக்கலாம் என்கிற ஆசை

"இந்த வீட்டில் கீழே ஒரு அறை கூடுதல், பத்து மூட்டை அடுக்கலாம்" என்பதற்காகவே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. தெருவில் குட்டியானை வந்து திரும்ப முடியுமா என்று பார்ப்பார்கள், அதற்குமேல் யோசிப்பதில்லை. ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகக் காட்டாத வீட்டில் சரக்கு இருந்தால், சோதனைக்கு வரும்போது அது கணக்கில் வராத சரக்கா என்ற கேள்வி எழும். உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் சேமிப்பு இடம் வர வேண்டும். வீட்டு மின் இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் மின்வாரியம் அபராதம் போடலாம். இவற்றையெல்லாம் முறைப்படுத்திக்கொள்ள உத்தேசம் இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் அறைக்கு விலை கொடுக்காதீர்கள்.

மிளகும் பத்திரமும்

மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளித் தேய்த்துப் பார்க்கிற நாம், பத்திரத்தைத் தரகர் சொன்னதோடு விட்டுவிடுகிறோம். ஒன்றுபோல் தெரிகிற இரண்டு வீடுகள் பெரும்பாலும் பிரிவது இங்கேதான். தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி அறாமல் வருகிறதா? 30 வருட வில்லங்கத்தில் அடமானம் ஏதும் தீராமல் நிற்கிறதா? பட்டா விற்பவர் பெயரில், உட்பிரிவு ஆகி இருக்கிறதா? வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா?

மனை அங்கீகாரத்தையும் பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதும், 2017இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்படி வரன்முறை செய்த மனை என்றால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். கடன் வாங்காமல் ரொக்கமாக வாங்குகிறவர்கூட, "இந்தப் பத்திரத்துக்கு வங்கி கடன் தருமா?" என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும். வங்கி தராத வீட்டை, வியாபார நெருக்கடி வரும்போது அடமானம் வைத்துப் புரட்ட முடியாது. என் அபிப்பிராயத்தில் காகிதம் சுத்தமாக இருக்கிற வீட்டுக்கு 3 லட்சம் கூடக் கொடுக்கலாம்.

ஒருவர் பாதியை ரொக்கமாகக் கேட்கிறார், அடுத்தவர் முழுவதையும் பத்திரத்தில் காட்டச் சம்மதிக்கிறார் என்றால் அந்த இரண்டு விலைகளும் ஒரே தராசில் வராது. பத்திரத்தில் குறைத்து எழுதினால் கடனும் குறையும். பின்னால் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். தவிர, 2015 ஜூன் முதல் வீடு, மனை பேரத்தில் ரூ. 20,000 அல்லது அதற்குமேல் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதம்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். கண்மாய், வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது, தெரு மட்டத்தைவிட வாசற்படி எவ்வளவு உயரம் என்று தெருக்கோடி டீக்கடையில் கேட்டால் உண்மை வரும். விற்பவரிடம் கேட்க வேண்டாம்.

பேரம் பேச ஆடி மாதம் நல்ல மாதம். அப்போது வீடு வாங்க ஆள் வருவதில்லை. விற்பவர் இறங்கி வருவார். இரண்டு வீடுகளுக்கும் பேசி வையுங்கள், ஒன்றின் விலை மற்றொன்றுக்குத் தெரியட்டும். ஆவணி பிறந்ததும் முடிவான வீட்டுக்குக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அட்வான்ஸைக் காசோலையாகக் கொடுக்கலாம்.