எக்ஸெட்டர் ஏட்டில் பேசும் பொருள்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள எக்ஸெட்டர் நகரத்தில் பிஷப்பாக விளங்கி 1072-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற லியோஃப்ரிக் என்பவர் தம் தேவாலயத்துக்கு அளித்த நிலங்களுக்கும் பூஜைப் பாத்திரங்களுக்கும் புத்தகங்களுக்கும் ஒரு ஜாபிதா உண்டு. அதில் ஓரிடத்தில், பலவகை விஷயங்களைப் பற்றிச் செய்யுளில் இயற்றப்பெற்ற பெரிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் சேர்ந்திருப்பதாகக் குறிப்பு வருகிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரே கையால் பிரதி செய்யப்பட்ட அந்தப் புத்தகந்தான், பழைய ஆங்கிலக் கவிதையில் காலத்துக்குத் தப்பி நமக்கு எஞ்சியிருக்கும் நான்கு பெருஞ்சுவடிகளுள் ஒன்றாக இன்று போற்றப்படுகிறது. பரிசுத்தர்களின் சரிதங்களும் நாடிழந்தோர் புலம்பல்களும் நிறைந்த அந்த ஏட்டிலே, தலைப்பும் இல்லாமல், இயற்றியவர் பெயரும் இல்லாமல், எல்லாவற்றுக்கும் மேலாக விடையும் இல்லாமல், ஏறத்தாழ 95 விடுகதைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

விடுகதை நமக்குப் புதிதன்று. பாட்டு, உரை, நூல் என்று இலக்கிய வகைகளை எண்ணிய தொல்காப்பியர் அவற்றோடு பிசி என்னும் விடுகதையையும் சேர்த்து எண்ணி, அதனை இரு வகையாகப் பிரித்தும் காட்டியிருக்கிறார். ஆயினும் நம் வீட்டுத் திண்ணைகளில் வழங்கும் விடுகதைகளைக் கவனித்தால், பொருள் வாய் திறப்பது அபூர்வம். சொல்லுகிறவர் எட்ட நின்று, அதனை ஓர் அண்ணன் தம்பியாகவோ, காட்டிலிருந்து வந்த ராஜாவாகவோ, பச்சைச் சேலைக்காரியாகவோ உருவகித்து, அவன் யார், அவள் யார் என்று கேட்பதே பெரும்பாலும் வழக்கம். எக்ஸெட்டர் ஏட்டிலோ கலப்பையும் கேடயமும் கொம்பும் வெங்காயமும் தாமே எழுந்து நின்று, தம் பிறப்பையும் வாழ்க்கையையும் தமக்கு நேர்ந்த துன்பங்களையும் தம் வாயாலேயே சொல்லிவிட்டு, கடைசியில் தம் பெயர் என்னவென்று கேட்பவனை அதட்டிக் கேட்கின்றன. எட்ட நின்று கேட்கும் விடுகதையில் மறைந்திருப்பது பொருள். பொருளே பேசும் விடுகதையில் அதனோடு மனிதனும் மறைந்துபோகிறான் என்பதும், ஏர் பிடிப்பவனும் எழுதுகிறவனும் யாரோ ஒரு பகைவனாகவோ எஜமானனாகவோ மட்டும் தோன்றுகிறார்கள் என்பதுமே இவற்றைப் படிக்குந்தோறும் எனக்குப் படுகிற விசேஷம்.

கலப்பையின் கதையை எடுத்துக்கொள்வோம். மூக்குத் தரையை நோக்கியிருக்க, மண்ணைத் தோண்டிக்கொண்டு தான் ஊர்ந்து செல்வதாகவும், தன்னுடைய எஜமானன் முதுகு கூனித் தன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதாகவும், தன் முதுகைத் துளைத்து ஒரு கூர்முனை கீழே இறங்கியிருக்க மற்றொன்று தலையிலிருந்து முன்னோக்கி நீண்டிருப்பதாகவும் அது சொல்லுகிறது. இவ்வளவில் நம்மூர்க் குடியானவனும் விடையைச் சொல்லிவிடுவான். ஆனால் தான் போகும் வழியில் ஒரு புறம் பச்சையாகவும் மற்றொரு புறம் கறுப்பாகவும் இருப்பதாக அது சேர்த்துச் சொல்லும் இடத்தில் அவன் சற்றே தயங்குவான். நம் நாட்டுக் கலப்பையின் கொழு மண்ணைக் கீறி இரு பக்கமும் ஒதுக்கிச் சால் போடுமேயன்றி, ஒரு பக்கமாகப் புரட்டித் தள்ளாது. இந்தக் கலப்பையோ, பல்லால் கிழித்த மண் ஒரு பக்கமாய்ச் சாய்வதைக் குறிப்பிடுகிறது. உழுத பக்கம் கறுப்பு, உழாத பக்கம் புல் மூடிய பச்சை. இங்கிலாந்தின் ஈரமும் கனமும் வாய்ந்த மண்ணில் அந்தக் காலத்தில் எத்தகைய ஏர் ஓடியது என்று ஆராய்கிறவர்களுக்கு, ஒரு விளையாட்டுப் பாட்டின் ஒற்றை அடி சாட்சியாக வந்து நிற்கிறது. எஜமானனே தனக்குப் பின்னால் நின்று ஒழுங்காக ஊழியம் செய்தால்தான் வேலை நடக்கும் என்று அந்தக் கலப்பை முடிக்கிறதே, அந்தக் குறும்பும் ரசிக்கத் தக்கது.

மற்றொன்றில் பேசுகிற பொருள், தனித்து வாழ்பவன் நான் என்று தொடங்கி, இரும்பால் புண்பட்டதையும், வாளால் வடுப்பட்டதையும், போரைக் கண்டு கண்டு சலித்ததையும் ஒரு கிழட்டு வீரனைப்போலச் சொல்லிப் புலம்புகிறது. பச்சிலை கொண்டு தன் காயங்களை ஆற்றக்கூடிய வைத்தியன் ஊரில் ஒருவனும் இல்லையென்றும், இரவும் பகலும் தன் புண்கள் பெருகுவதே விதியென்றும் அது கூறுவதைக் கேட்டுப் பண்டிதர்களில் பெரும்பாலோர் இது கேடயம் என்று தீர்மானித்தார்கள். வேறு சிலரோ, ஐயா, இது சமையற்கட்டில் இறைச்சி வெட்டும் கட்டையாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார்கள். கேட்டது நியாயமே. கத்தி படுகிற பொருளுக்குப் போர்க்களம் என்ன, அடுக்களை என்ன? இரண்டு விடையும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருந்துவதால், வீரப் புலம்பலின் கம்பீரத்தைக் கவிஞர் வேண்டுமென்றே ஒரு மரக்கட்டைக்குச் சூட்டிப் பரிகாசம் செய்தாரோ என்ற சந்தேகம் எழுகிறது. எனக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் புத்தகமே ஒரு காலத்தில் வெட்டுப்பலகையாகப் பயன்பட்டிருக்கிறது! எஞ்சியவற்றுள் பழைய முதல் ஏட்டில் கத்திக் கீறல்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஏதோ ஈரப் பாத்திரத்தை அதன்மேல் வைத்த வட்டக் கறையும் இருக்கிறது. கொள்ளிக்கட்டை ஒன்று பின்புறத்தில் கிடந்து கனன்றதால் கடைசி 14 ஏடுகளைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு தீ போயிருக்கிறது. பிற்பகுதி விடுகதைகள் பலவற்றில் நடுநடுவே சொற்கள் இல்லை.

அந்த ஏட்டுக்குள்ளேயே புத்தகம் ஒன்று தன் சரிதத்தைக் கூறும் விடுகதையும் உண்டு. பகைவன் ஒருவன் என் உயிரைப் பறித்தான் என்றே அது ஆரம்பிக்கிறது. நீரில் நனைத்து, எடுத்து வெயிலில் வைத்து, இருந்த மயிரையெல்லாம் இழக்கச் செய்து, கத்தி முனையால் அறுத்து, விரல்களால் மடித்ததாக அது வரிசையாகச் சொல்லுவது, கன்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டும் அக்காலத்துத் தொழில்முறைக்கு அநேகமாகச் சரியாக ஒத்திருக்கிறது. அதன் பிறகு ஒரு பறவையின் மகிழ்ச்சிக்குரிய பொருள், மரத்தின் சாயத்தைக் குடித்துவிட்டுத் தன்மேல் கறுப்புத் தடங்களைப் பதித்துச் சென்றதாம். இறகுப் பேனாவும் மையுமே அவை. பிறகு பலகைகளுக்கிடையே அடைத்துத் தோல் போர்த்திப் பொன்னால் அலங்கரித்தார்களென்று சொல்லி, தன்னைப் பயன்படுத்துகிறவர்கள் அறிவும் நண்பர்களும் பெருகி வாழ்வார்கள் என்று அது ஆசீர்வதிக்கவும் செய்கிறது. பனையோலையை வேகவைத்து உலர்த்தி எழுத்தாணி பிடித்த நம் முன்னோர், புத்தகம் செய்யக் கொலை செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஓலையைப் பேசவைத்திருந்தாலும் முதல் வாக்கியம் வேறாகத்தான் இருந்திருக்கும். எழுதுகிறவனைக் கொலைகாரனாகக் காட்டும் துணிவு அந்தத் தோலுக்கே உரியது.

எருதின் விடுகதை இன்னும் கொடியது. உயிரோடு இருக்கும்போது தான் நிலத்தைப் பிளப்பதாகவும், இறந்த பின்பு வாராகிக் கைதிகளைக் கட்டுவதாகவும், துருத்தியாகி வீரனுக்குப் பானம் கொடுப்பதாகவும், செருப்பாகி மணமகளின் காலடியில் மிதிபடுவதாகவும், தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட வேல்ஸ் நாட்டு அடிமைப் பெண்ணின் கையில் இரவில் அகப்படுவதாகவும் அது கூறுகிறது. கட்டுண்ட கைதிகளுள்ளும் வேல்ஸ் நாட்டவர்கள் உண்டு. அக்காலச் சரித்திரம் அரசர்களின் பெயரைச் சொல்லுகிறது. எந்த அடிமையின் கையைத் தோல்வார் கட்டியது என்பதைச் சொல்ல ஒரு தோல்வார்தான் முன்வந்திருக்கிறது.

இன்னொரு சங்கதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெங்காயத்தையும் சாவியையும் பிசைந்த மாவையும் பற்றிய விடுகதைகள் கேட்பவனை வேண்டுமென்றே வேறெங்கோ அழைத்துச் சென்று, முகம் சிவக்கும் சமயத்தில், உன் மனந்தான் கெட்டது என்று கைவிட்டுவிடுகின்றன. நம் கிராமத்து விடுகதைகளிலும் இந்தக் குறும்பு உண்டென்பதைப் பாட்டிமார் அறிவார்கள். துறவியொருவர் அவற்றைப் பக்தியோடு பிரதி செய்தார், பிஷப் ஒருவர் ஆலயத்துக்கு அளித்தார் என்பதிலிருந்து, அந்நாளைய சமய வாழ்க்கையைப் பற்றி நாம் செய்துகொண்டிருக்கும் கற்பனைகள் சில கலைந்தால் நல்லதுதான்.

இந்த விளையாட்டை ஆங்கிலேயர் தாமாகக் கண்டுபிடித்துவிடவில்லை. லத்தீனில் சிம்ஃபோசியஸ் என்பவர், மும்மூன்று அடியில் நூறு விடுகதைகளை இயற்றிவிட்டு, அவை சாட்டர்னேலியா என்னும் ரோமானியப் பண்டிகையின் விருந்தில் பிறந்ததாக முன்னுரை எழுதினார். 709-ஆம் ஆண்டில் இறந்த ஆல்டெல்ம் என்ற பிஷப், அதே வழியில் இன்னும் ஒரு நூறு இயற்றினார். ஆனால் இவ்விருவர் நூல்களிலும் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் விடை எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, கவியின் சாமர்த்தியத்தை மெச்சுவதே வேலை. எக்ஸெட்டர் ஏட்டின் கவிஞர்கள் சில பாட்டுகளை அங்கிருந்தே எடுத்துக்கொண்டாலும், தலைப்பைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சிம்ஃபோசியஸின் ஆறும் மீனும் இங்கே மீனின் வாய்மொழியாகின்றன: வீடு சப்தமிடுகிறது, தான் மௌனமாக இருக்கிறது, இருவரும் சேர்ந்து ஓடுகிறார்கள், தான் இளைப்பாறும்போதும் வீடு ஓடிக்கொண்டே இருக்கிறது. இருவரும் பிரிந்தால் தனக்கு மரணமே என்ற செய்தியை ஆங்கிலக் கவிஞர் தாமாகச் சேர்த்திருக்கிறார்.

விடையில்லாததன் விளைவை அறிஞர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1842-இல் முதன்முதலாக இந்த ஏட்டை அச்சிட்ட பெஞ்சமின் தார்ப், ஒரு பாட்டைத் தமக்கு ஒன்றும் விளங்கவில்லையென்று மொழிபெயர்க்காமலே விட்டார். 1857-இல் ஹைன்ரிக் லியோ அதனை முதல் விடுகதையென்று கொண்டு, கினவுல்ஃப் என்னும் கவிஞரின் பெயர் அதில் ஒளிந்திருப்பதாகச் சாதித்தார். 1888-இல் ஹென்றி பிராட்லி, அது விடுகதையே அன்று, பிரிவால் வாடும் ஒரு பெண்ணின் புலம்பல் என்று சொன்ன பிறகுதான் பாட்டுக்கு விமோசனம் கிடைத்தது.

இன்றுவரை தீராத வழக்குகளில் ஒன்று, நான்காவது விடுகதை என்று எண்ணிடப்பட்டது. வளையங்களால் பிணிக்கப்பட்ட ஒரு பொருள், குறித்த வேளைகளில் தன் ஊழியனுக்குக் கீழ்ப்படிந்து உழைப்பதாகவும், தூக்கத்தால் சோர்ந்திருக்கும் தன்னிடம் ஆணோ பெண்ணோ வருவதாகவும், அவர்களுக்குத் தான் குளிர்ந்த மறுமொழி தருவதாகவும் அதிலே கூறுகிறது. மடாலயத்து மணி என்பர் சிலர்; கிணற்று வாளி என்பர் சிலர்; திரிகைக்கல் என்பாரும் உண்டு. விடியலுக்கு முன்பே எழுந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, சில்லென்றிருக்கும் திரிகையின் முன் உட்கார்ந்து மாவரைத்தவர்களைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவனாதலால், நான் திரிகையின் பக்கம். ஆனால் வெதுவெதுப்பான ஓர் அங்கம் அந்த வளையத்தைச் சிலசமயம் உடைத்துவிடுவதாகவும் அதே பாட்டில் வருகிறது. அதற்கு மட்டும் திரிகையில் இடம் காட்ட முடியவில்லை.