பணி நீங்கியபின் மருத்துவக் காப்பீடு

பணி நீங்கியபின் மருத்துவக் காப்பீடு என்பது, தொழில் வழங்குநர் வழியாகப் பெற்ற மருத்துவக் காப்பீட்டை ஒருவர் வேலையை விட்ட பின்னரும் தொடர்வதைக் குறிக்கும். பணியில் இருக்கும்போது கட்டணத்தின் பெரும்பகுதியை நிறுவனமே செலுத்துவதால், அதன் முழு விலையை ஊழியர் பெரும்பாலும் விலகும்போதே அறிகிறார்.

தொழிலாளர் அரசு காப்பீடு (இ.எஸ்.ஐ.)

இத்திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்தது. 2019 சூலையில் பங்களிப்பு, ஊதியத்தில் ஊழியருக்கு 0.75%, நிறுவனத்துக்கு 3.25% எனக் குறைக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, 20,000 ரூபாய் ஊதியத்துக்கு ஊழியர் 150 ரூபாயும் நிறுவனம் 650 ரூபாயும் செலுத்தும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் பங்களித்தவர், அடுத்த சனவரி முதல் சூன் வரை பயன் பெறத் தகுதியுடையவர். எனவே இடையில் வேலையை விட்டாலும் அக்காலத்தில் கூடுதல் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவருக்கும் அவருடைய துணைவருக்கும் மாதம் 10 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகச் செலுத்தினால் மருத்துவ வசதி வழங்கப்பட்டது. விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் விலகியவரும் முன்கூட்டியே ஓய்வு பெற்றவரும் இச்சலுகையில் அடங்கினர்.

புதுச்சேரியில் சாரம் முதலிய பகுதிகளில் வாழும் காப்பீட்டாளர்களுக்கென இ.எஸ்.ஐ. மருத்துவமனை கோரிமேட்டில் அமைந்துள்ளது.

குழுக் காப்பீடு

இ.எஸ்.ஐ. ஊதிய வரம்புக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுவனங்கள் குழுக் காப்பீடு எடுப்பதுண்டு. இது பொதுவாகக் கடைசிப் பணிநாளுடன் முடிகிறது. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாற விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் கட்டணம் வயதையும் உடல்நிலையையும் பொறுத்துக் கணக்கிடப்படுவதால் மிகுதியாகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தின் மீதான 18% வரி நீக்கப்பட்டது.

உரிய காலத்தில் மாறினால், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்த பகுதி கணக்கில் கொள்ளப்படும். 2024 ஏப்ரலில் அதன் உச்ச வரம்பு 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. இடைவெளி விட்டுப் புதிதாகச் சேர்பவர் இக்காலத்தை மீண்டும் முதலிலிருந்து கடக்க நேரிடும். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை உள்ளவர்களுக்குக் கட்டண உயர்வைக் காட்டிலும் இதுவே பெரிய இழப்பாகலாம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் கோப்ரா எனப்படும் சட்டத்தின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்திலிருந்து விலகியவர் குழுக் காப்பீட்டையே பொதுவாக 18 மாதங்கள் தொடரலாம். ஆனால் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து, முழுக் கட்டணத்தில் 102% வரை அவரே செலுத்த வேண்டும். இந்தியாவில் குழுக் காப்பீட்டை இவ்வாறு தொடரும் சட்ட உரிமை இல்லை.