ஈரானியத் திரைக்கலையில் நிலமும் உள்ளுறையும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிநிலத்தில் பிச்சாவரம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 1100 எக்டேர் பரப்புடைய இவ்வலையாத்திக் காட்டில் சுரபுன்னையும் கண்டலும் செழித்துள்ளன. தில்லை என்னும் பெயரைச் சிதம்பரத்திற்குத் தந்த தில்லை மரமும் இங்கு உண்டு. தமிழ்த் திரையுலகம் இக்காட்டை நன்கறியும். எம்.ஜி.ஆர். நடித்து 1975 இல் வெளிவந்த ‘இதயக்கனி’ இதனை நாடறியச் செய்தது. ஆயினும், படகு விரைதற்கேற்ற அழகிய களமாகத் திரை இதனைக் கண்டதேயன்றி, இங்கு வாழ்வாரின் வாழ்வை உணர்த்தும் நிலமாகக் கண்டது அரிது. நிலத்தைப் பின்புலமாகக் கொள்ளுதல் வேறு. பொருளுணர்த்தும் கருவியாகக் கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை நாம் தெளிதற்கு ஈரானியத் திரைக்கலை பெரிதும் துணைசெய்கிறது.

தமிழ் அகப்பாடல் மரபு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிரும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு, வெளிப்படக் கூறாத ஒன்றைக் கேட்போர் உய்த்துணரச் செய்வதைத் தொல்காப்பியர் உள்ளுறையுவமம் என்றார். ஈரானியர் இந்நெறியைத் தமிழிலிருந்து பெற்றனர் என்பது எம் கருத்தன்று. அவர்தம் படங்களை விளக்குதற்கு நம்மிடம் பொருத்தமான ஓர் அளவுகோல் உண்டு என்பதே யாம் கூறவருவது.

அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) என்னும் படத்தின் கதை மிகச் சிறியது. வகுப்புத் தோழனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்துவந்த சிறுவன், மறுநாள் அவன் தண்டனை பெறுவானே என அஞ்சி, அதனைக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையும் உச்சியில் நிற்கும் ஒற்றை மரமும் அச்சிறுவனின் கவலையை அவன் பேச்சினும் மிகுதியாகப் புலப்படுத்துகின்றன. படம் எடுக்கப்பெற்ற கோக்கர் என்னும் சிற்றூர் 1990 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அழிந்தது. அதில் நடித்த சிறுவர் உயிரோடுள்ளனரா எனத் தேடிச் செல்லும் பயணத்தை ‘வாழ்வு தொடர்கிறது’ (1992) என்னும் படமாக்கினார் கியாரோஸ்தமி. தமக்கு ஒருமுறை களமாக உதவிய நிலத்திற்குத் துன்பம் நேர்ந்தபோது, கலைஞர் அதற்குக் கடன்பட்டவராய் மீண்டு சென்றார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சமுதாயக் கருத்துகளும் இவ்வாறே குறிப்பாக வெளிப்படுகின்றன. மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) ஓரிணைக் காலணியை அண்ணனும் தங்கையும் மாறிமாறி அணியும் கதை. மூன்றாம் பரிசாகிய காலணியை விரும்பி ஓடும் சிறுவன் முதற்பரிசு பெற்றுக் கலங்குகிறான். இறுதியில் அவன் புண்பட்ட பாதங்களை நீர்த்தொட்டியில் நனைக்க, மீன்கள் சூழ்கின்றன. வறுமை என்ற சொல் அங்குத் தேவைப்படவில்லை. இக்கதையே ‘அக்கா குருவி’ என 2022 இல் சாமியின் இயக்கத்தில் தமிழில் வந்தது. ஜாஃபர் பனாஹியின் ‘வெள்ளைப் பலூன்’ (1995) தங்கமீன் வாங்க விழையும் சிறுமியைப் பற்றியது. எனினும், அவள் வீடு திரும்பிய பின்னர், பலூனோடு தனியே எஞ்சும் ஆப்கானியச் சிறுவன்மீதே படம் முடிகிறது. போகுமிடம் அற்றவனின் நிலை அவ்வொரு காட்சியில் அடங்கிவிடுகிறது. அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘பிரிவு’ (2011) படத்தில், தந்தையோடா தாயோடா எனத் தேர்ந்த மகளின் விடையை நாம் கேட்பதில்லை. பெற்றோர் வெளியே காத்திருப்பதை மட்டுமே காண்கிறோம்.

இங்கு ஒரு தடை எழும். 1979 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின், திரையில் பெண் தன் வீட்டினுள்ளும் தலையை மறைத்தே தோன்றவேண்டும், ஆணும் பெண்ணும் தொடுதல் கூடாது என்னும் விதிகள் ஏற்பட்டன. அடக்குமுறையே இக்குறிப்பு நெறியைப் பிறப்பித்தது எனச் சிலர் கூறுவர். அக்கருத்து பொருந்தாது. தொழுநோயர் இல்லத்தைக் காட்டும் கவிஞர் ஃபொரூக் ஃபரோக்சாத்தின் ‘வீடு இருண்டது’ 1962 இல் எடுக்கப்பெற்றது. பசுவை இழந்தவன் தன்னையே பசுவாகக் கருதத் தொடங்கும் தாரியுஷ் மெஹர்ஜுயியின் ‘பசு’ 1969 இல் வெளிவந்தது. இரண்டும் புரட்சிக்கு முற்பட்டவை. 2010 இல் சிறைப்பட்டு, ஆறாண்டுச் சிறையும் இருபதாண்டுப் படத்தடையும் விதிக்கப்பெற்ற பனாஹி, அரசின் ஒப்புதலின்றியே எடுத்த ‘அது ஒரு விபத்துதான்’ என்னும் படத்திற்கு 2025 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றார். சிறைக்கொடுமையை அது வெளிப்படையாகவே பேசுகிறது. ஆகவே, குறிப்பாற் சொல்லுதல் கலைஞன் தானே தேர்ந்த நெறி. தண்டனை அளித்த கொடை அன்று. இதனை மறந்து அடக்குமுறைக்குப் புகழ் சேர்த்தல், அதனால் துன்புற்றாருக்கு இழைக்கும் அநீதியாகும்.

இந்நெறி தமிழ்த் திரைக்கும் இயலாததன்று. மேலூர்ப் பகுதியின் வறண்ட நிலத்தில் தந்தையும் மகனும் நடக்கும் நடையையே கதையாக்கிய பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றது. அங்கு வெயிலே தந்தையின் சினத்தையும் மகனின் பொறுமையையும் உணர்த்துகிறது. பாலை நிலம் இவ்வாறு பேசுமாயின், நெய்தல் பேசாதொழிவதேன்? பிச்சாவரத்துக் கழிகளில் இருளர் நீருக்குள் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் வேகத்தை இக்காடு தணித்து, பின்னிருந்த ஊர்களுக்கு அரணாயிற்று. கோக்கருக்குக் கியாரோஸ்தமி மீண்டு சென்றார். பிச்சாவரத்தைக் களமாகக் கொண்ட நம் திரையுலகம் அதனிடம் நலம் வினவ இன்னும் மீளவில்லை. கருப்பொருளை உரிப்பொருளுக்கு வாயிலாக்கும் இலக்கணம் நம்மிடம் பழைமையாகவே உள்ளது. அவ்விலக்கணத்திற்கு இலக்கியம் காண்பதே இனி நம் கலைஞர் செய்யத்தக்கது.